ஏழாம் முடக்கில் இரண்டு தட்டு

2024 பெப்ரவரி 7

காலை எட்டு மணிக்குப் பெல்மதுளையிலிருந்து கேம்பரை இழுத்துக்கொண்டு கிளம்பினோம். டபுள் கெப் வண்டியில் நானும் என் பெண்சாதி லதாவும், பின்னால் கொக்கியில் கேம்பர். தோட்டத்துச் சனம் அதற்குச் சக்கரக் காம்பரா என்று பெயர் வைத்திருக்கிறது. லயத்துக் காம்பராவில், அந்த ஒற்றை அறையில், என் தம்பி குடும்பத்தோடு சேர்த்து நாங்கள் ஆறு பேர் படுக்கிறோம். இதில் கொழும்பிலிருந்து வருகிற இரண்டு பேருக்கு மெத்தை, அடுப்பு, விரிக்கிற கூரை எல்லாம் இருக்கிறது.

அதைப் பதினோராம் நம்பர் மலைக்குக் கொண்டுபோய், ஓடைக்கரையில் விரித்து, வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டு, திரும்பக் கொண்டுவர வேண்டும். நான் ஓட்டுவேன், லதா சமைப்பாள். அந்த மலையில் தேயிலையைக் கைவிட்டுக் காடாகிப் பல வருசம். ஆறு கிலோமீட்டர் கல் ரோடு, ஒன்பது முடக்கு. ஏழாம் முடக்கில் ஒரே மூச்சில் திரும்ப முடியாது. பின்னால் வந்து, வளைத்து, மறுபடி பின்னால் வர வேண்டும். வலது பக்கம் பள்ளம், இடது பக்கம் மண்மேடு, எங்கும் அட்டை. அங்கே லதா இறங்கி, குடைக் காம்பால் கேம்பர் தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் வா. நான் கொழுந்து லொறி ஓட்டிய காலத்தில் கிளீனர்மார் தட்டுகிற முறைதான், நானே சொல்லிக்கொடுத்தேன். இப்போது கிளீனர்மாரை விட நன்றாகத் தட்டுகிறாள். அவளிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

பெப்ரவரி 12

கொக்கிக்கு ஊசி வாங்கப் போகிறேன் என்று லதாவிடம் பொய் சொல்லிவிட்டு, இரத்தினபுரிக்குக் கண் டொக்டரிடம் போனேன். மூன்றாவது தடவை. இடது கண்ணில் நரம்பு காய்ந்துவிட்டதாம், போன பார்வை திரும்பாதாம். வலது கண்ணைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்கிறார். மருந்து ஊற்றுவதைத் தினமும் எழுதி வைக்கச் சொன்னதும் அவர்தான். அதற்காக எடுத்த டயரியில் ஊர்க் கதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

"டிரைவர் வேலய விட்டுருங்க" என்றார். சரி என்று தலையாட்டினேன். யாருடைய தலையோ ஆடியது போல இருந்தது.

டிசம்பரில் லைசன் முடிகிறது. அதுவரை யாருக்கும் சொல்லப் போவதில்லை. லதாவுக்கு? அவளுக்குத்தான் சொல்லவே கூடாது. இந்த வேலை போனால் அவள் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டும். இருபத்து மூன்று வருசம் கொழுந்து எடுத்த முதுகு. இரண்டு வருசமாகத்தான் நிமிர்ந்திருக்கிறது.

பெப்ரவரி 13

சொட்டு ஊற்றினேன். கொக்கி ஊசி வாங்க மறந்தே போனேன். ஊசி எங்கே என்று லதா கேட்கவில்லை.

மார்ச் 16

எல்லாம் விரித்து முடித்த பிறகு நஜீப் தம்பியின் போன். கேம்பர் அவருடையது, பெல்மதுளையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். முதலாளிதான், ஆனால் வயதில் சின்னவர், தம்பி என்றே கூப்பிடச் சொல்கிறார்.

"அண்ணே, அவங்க வரல்ல. நீங்களும் அக்காவும் இண்டைக்கு அங்கயே இருந்துட்டு நாளைக்கு இறக்குங்க."

லதா மெத்தையில் உட்கார்ந்து இரண்டு தரம் எம்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். "கதவுக்கு இந்தப் பக்கம் நாம ரெண்டு பேரு மட்டும்" என்றாள். கல்யாணம் முடித்து இருபத்து நாலு வருசத்தில் இப்படி ஒரு கதவு எங்களுக்கு இருந்ததே இல்லை.

இன்று நான் ரொட்டி சுட்டேன். கருகிவிட்டது. கருகவில்லை என்று சொல்லிச் சொல்லியே தின்றாள். டீயைக் கொண்டுவந்து என் வலது கைப்பக்கம் வைத்தாள். வெயில் இறங்கும்வரை ஓடையில் கால் போட்டபடி இருந்தோம். என் தோளில் சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி பேசிக்கொண்டே இருந்தாள். அவளை இவ்வளவு எனக்குப் பிடிக்கும் என்பதே மறந்து போயிருந்தது.

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

மார்ச் 17

சொட்டு ஊற்றினேன். இறங்கும்போது ஏழாம் முடக்கில் பள்ளத்து ஓரக் கல்லில் இடது பக்கம் உரசிவிட்டேன். மட்காட் நெளிந்தது. கல் சறுக்கியது என்றேன். "ஆமா, சறுக்குச்சு" என்றாள்.

ஏப்ரல் 21

கோபம் இன்னும் ஆறவில்லை. ஏழாம் முடக்கில் இந்தப் பெண்பிள்ளை என்ன கூத்து பண்ணுகிறாள்? இடது பக்கம் போய்க் குனிந்து பார்க்கிறாள். பிறகு கேம்பருக்குப் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து தட்டுகிறாள். ஒரு முழம் நகர்ந்தால் மறுபடி இடது பக்கம். முன்பெல்லாம் இடது பக்கம் நின்றபடியே தட்டுவாளே! முன்னாலேயே போய்ச் சேர்ந்த ஆள்கள் மேலே ஓடைக்கரையில் டீக்குக் காத்திருக்கிறார்கள்.

"முருகன் கோயிலயா சுத்துற? ஒரு பக்கமா நின்னு தட்டேன்!"

"எனக்கு இதுதான் வசதி. நீங்க கோழி மாதிரி தலையத் திருப்பாம ஓட்டுங்க."

சாயங்காலம் காலில் உப்புத் தடவி அட்டைகளை உதிர்த்துக்கொண்டிருந்தாள். நின்ற இடத்தில் நின்றால் இவ்வளவு கடிக்குமா என்று அதற்கும் ஒரு பாட்டு விட்டேன்.

மே 19

சொட்டு மருந்துப் போத்தலை டூல் பெட்டியில் ஸ்பேனருக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். வெயில் படக்கூடாத மருந்து. இன்று பார்த்தால் போத்தலைச் சுற்றி ஒரு ஈரத் துணி. நான் சுற்றியதாக ஞாபகம் இல்லை. கண்ணோடு சேர்ந்து ஞாபகமும் போகிறதா?

ஜூன் 22

எழுத வரல.

பொசன் பண்டிகை லீவு, மழை, காலையிலிருந்து அவசரம். ஏழாம் முடக்கில் லதா இறங்கினாள். இடது பக்கம் போனாள், வரவே இல்லை. எனக்குப் பொறுமை இல்லை. தட்டுக்குக் காத்திருக்காமல் ரிவர்ஸ் போட்டேன். கண்ணாடியைப் பார்த்தேன்தான் — பார்த்து என்ன? மழையும் பச்சையும் கலங்கலாகத்தான் தெரிந்தது.

"ஏங்க!"

அந்தச் சத்தம். பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். கேம்பர் மூலைக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் அவளுடைய குடை மாட்டி, கம்பியெல்லாம் நசுங்கிக் கிடந்தது. அவள் மேட்டில் முழங்கை குத்தி ஏறிக் கிடந்தாள். ஒரு செருப்பு சக்கரத்துக்கு அடியில்.

நான் என்ன மனுசன்? அந்தக் குடை இருந்த இடத்துல அவ நின்னிருந்தா?

ஜூன் 23

நேற்று அங்கேயே அவளிடம் எல்லாம் சொன்னேன். டொக்டர், நரம்பு, சொட்டு, லைசன் எல்லாம். அழுதேன் என்றுதான் எழுத வேண்டும். சேற்றுக் கையோடேயே அழுதேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"எப்பருந்து?"

"தைப்பொங்கலுக்கு முந்தியே. இடது பக்கம் டீ வச்சா தட்டி விட்டுறீங்க. அதான் வலது பக்கம் வைக்கிறது."

"அந்தத் துணி?"

"நாந்தான். மருந்து சூடாக் கெடந்துச்சு."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏழாம் முடக்கைச் சுற்றிச் சுற்றி வந்ததும் அதற்குத்தான். நான் பார்க்க முடியாத பக்கத்தைப் பார்த்துவிட்டு, நான் பார்க்கிற பக்கம் வந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்று தட்டியிருக்கிறாள். ஒவ்வொரு முழத்துக்கும். நான் அவளைத் திட்டியிருக்கிறேன்.

"ஏன் புள்ள கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். அதோட, கெப்புல ஏறி உக்காந்தாதான் நீங்க சிரிக்கிறீங்க. அதயும் பறிச்சுற ஏலுமா?"

ஜூன் 24

நஜீப் தம்பியின் கடைக்குப் போனோம். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். "எங்கிட்ட ஏன் அண்ணே மறச்சீங்க? அக்காவுக்கு ஒன்னு நடந்திருந்தா?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. வேறு டிரைவர் பார்க்க வேண்டியதுதான் என்றார், அதில் தப்பே இல்லை.

"வேற ஆளு வேணாம் தம்பி" என்றாள் லதா. "நான் ஓட்டுறேன். ஆறு மாசம் டைம் தாங்க."

எனக்கே சிரிப்பு வந்தது. சைக்கிள்கூட ஓட்டாதவள். நஜீப் தம்பி என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "ஓட்டுவா" என்றேன்.

"அப்ப அதுவரைக்கும் நானே ஓட்டுறேன். என் தம்பி கடையப் பாத்துக்குவான்" என்றார்.

ஜூலை 28

கிளச் நாறுகிறது. என்னுடைய தொண்டையும்தான். கேம்பர் இடது பக்கம் போக வேண்டுமென்றால், ரிவர்ஸில் ஸ்டியரிங்கை முதலில் வலது பக்கம் ஒடிக்க வேண்டும். பத்துத் தரம் சொன்னேன்.

"உங்கள மாதிரியே இருக்கு. ஒன்னு சொன்னா எதிர்ப்பக்கம் போகுது" என்றாள்.

ஓகஸ்ட் 18

கொழுந்து நிறுக்கிற பழைய கிரவுண்டில் நாலு தகர டின் வைத்து நடுவில் நுழைக்கப் பழகுகிறாள். இரண்டு டின் செத்துப் போயின. சொட்டை இப்போது அவளே ஊற்றுகிறாள். தலையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. மருந்தை விட அந்தக் கைதான் குளிர்ச்சி.

ஒக்டோபர் 3

லதா லைசன் டெஸ்ட் பாஸ். பரீட்சைக்கு வந்த ஐயா சிங்களத்தில் "ஹொந்தாய் அக்கே", நல்லாயிருக்கு அக்கா, என்றாராம். வீட்டுக்கு வருவதற்குள் அதை ஆறு தரம் சொல்லிவிட்டாள்.

டிசம்பர் 9

என் லைசன் இன்றோடு முடிந்தது. புதுப்பிக்கப் போகவில்லை. லதா பாயாசம் வைத்தாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 21

கொழும்பிலிருந்து ஒரு குடும்பம். ராத்திரி பெய்த மழையில் ரோடெல்லாம் சேறு. லதா ஓட்டினாள், நான் பக்கத்தில். ஆறு முடக்கு வரை வாயைத் திறக்கவில்லை, அதுவே பெரிய விரதம். ஏழாவதில் புதுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

இடது பக்கம் போய்க் குனிந்து பார்த்தேன். சக்கரத்துக்கும் மேட்டுக்கும் ஒரு முழம் இருந்தது. பின்னால் சுற்றி வலது பக்கம் வந்து இரண்டு தட்டு தட்டினேன். கேம்பர் மெதுவாக வந்தது. ஒரு தட்டு. நின்றது. மறுபடி இடது பக்கம்.

கெப் ஜன்னல் வழியாக அவள் தலை வெளியே வந்தது.

"முருகன் கோயிலயா சுத்துறீங்க? எனக்கு ரெண்டு பக்கமும் தெரியுது! நின்ன எடத்துலயே தட்டுங்க."

அது சரிதான். குனிந்து காலைப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கே ஐந்து அட்டை. அவள் மாசக்கணக்கில் சுற்றியிருக்கிறாள்.

உதிர்க்கவில்லை, இருக்கட்டும் என்று விட்டேன். பின்பக்கமாகச் சுற்றி வலது பக்கம் வந்து, இரண்டு தட்டு தட்டினேன். வந்தாள்.