வாளெடுத்த ராஜாவின் ‘ஏனுங்க’

ஏனுங்க, நீங்களும் மாமாவும் அத்தையும் சௌக்கியமுங்களா? பெர்லினில் குளிர்தான், மற்றபடி நன்றாக இருக்கிறேன்.

சோமனூரில் விசைத்தறியும் குதிரைப்படையும் ஒரே காலத்தில் வருகிற என் கதையைத் தமிழ்ச் சங்கத்தில் நேற்று சொன்னேன். காலம் கலந்து கிடப்பதை யாரும் குறை சொல்லவில்லை. வாளை உருவிய ராஜா எதிரியிடம், “ஏனுங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்கிறார், அதற்குத்தான் சிரிப்பு. “எதிரியைக் கூப்பிடறாரா, புருஷனையா?” என்றார் ஒரு மதுரைக்காரர். நானும் சிரித்துவிட்டேன்.

அறைக்கு வந்து கதையில் அந்த ‘ஏனுங்க’வைக் கோடு போட்டு அடித்தேன். பிறகு திரும்ப எழுதிவிட்டேன்.

பார்சலில் எலுமிச்சை ஊறுகாய் வையுங்க. பாட்டில் உடையாமலிருக்க உங்கள் பழைய சட்டையில் சுற்றுங்க. துவைக்க வேண்டாங்க.

வேலைக்கு நேரமாச்சு. ராஜா அப்படியே கூப்பிடட்டும். எனக்குத்தான் இங்கே அப்படிக் கூப்பிட ஆளில்லை.

பிரவீனா