அண்ணன் குடித்துச் சாகவில்லை

என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தமிழ்ப்பள்ளிக்குக் கூட்டிப்போன என் அண்ணே,

நீ போய் ஐந்து மாதமாகிறது. உன் சாவுச் செய்தியோடு ஒரு பொய்யும் நம் ஊர் செலண்டார் முழுக்கப் பரவியது. "ஈரல் கெட்டுச் செத்தானாம். சம்சு சாராயம் குடிச்சிருப்பான், வேற என்னலா?" கல்யாண வீட்டில் எல்லாரும் பியர் எடுக்கும்போது சிராப் தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பவன் நீ. உன்னைப் பார்த்தா இப்படிச் சொன்னார்கள்?

வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகி நீ மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். ஹெப்படைட்டிஸ் சி. ரத்தத்தின் வழியே வரும் கிருமி, பல வருடம் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னுமாம். பல வருடத்துக்கு முன்பு செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து உன் கால் நசுங்கியதே, அன்று உனக்கு ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார். அப்போது அந்தக் கிருமிக்குச் சோதனையே கிடையாதாம். உன்னைப் பிழைக்க வைத்ததும் அந்த ரத்தம்தான். யாரைத் திட்டுவது, அண்ணே?

"இந்த நாட்டுல எத்தனை பேருக்கு இது இருக்கு, டாக்டர்?" என்று கேட்டேன்.

"சரியா யாருக்கும் தெரியாதும்மா. ரத்த தானம் பண்ண வர்றவங்களைச் சோதிக்கிறோம். அந்தக் கணக்குதான் கையில இருக்கு."

"ஒடம்பு நல்லா இருக்கிறவங்கதானே ரத்தம் கொடுக்க வருவாங்க? ரத்தம் ஏத்திக்கிட்டவங்களை யாரு பார்க்கிறது?"

அவர் கையை விரித்தார். அப்படியானால் உன்னைப் போல இன்னும் எத்தனை பேர் குடிகாரப் பட்டத்தோடு சுடுகாட்டுக்குப் போனார்கள்?

உன் கருமக்கிரியை அன்று அண்ணிக்கு மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் குவளையில் தேத்தண்ணி கொடுத்தார்கள். "ஒட்டிக்குமாம்" என்று யாரோ முணுமுணுத்தார்கள். நான் அந்தக் குவளையை வாங்கி, எல்லார் முன்னாலும் மீதித் தேத்தண்ணியைக் குடித்தேன்.

"இது சாப்பாட்டுல, குவளையில ஒட்டுற நோய் இல்ல. ரத்தத்துல வர்றது" என்றேன்.

"பொம்பளப் புள்ள, சபையில பேசாம உக்காரு" என்றார் பெரியப்பா.

"உக்கார மாட்டேன், பெரியப்பா. அண்ணன் ஒரு சொட்டு குடிச்சதை நீங்க பார்த்தீங்களா?"

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

"ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்திக்கிட்டவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று சபையைப் பார்த்துக் கேட்டேன். ஒரு கையும் எழவில்லை. பிறகு கடைசி வரிசையில் பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா மெதுவாகக் கை தூக்கினார். இரண்டாவது பிரசவத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியது உனக்கும் தெரியும்.

அடுத்த வாரம் ஆறு பேர் பஸ் ஏறி ரத்தச் சோதனைக்கு மலாக்காவுக்குப் போனோம். முனியம்மா அக்காவுக்கு அந்தக் கிருமி இருக்கிறது, அண்ணே. சாராய வாடையே ஆகாத மனுஷி. என்னைச் சபிப்பார் என்று பயந்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரியாம சாகுறதுக்குத் தெரிஞ்சு வாழ்றது மேலுலா. நாலு பேருகிட்ட என் பேரைச் சொல்லியே கேளு" என்றார். ஈரல் இன்னும் பெரிதாகக் கெடவில்லையாம். மருந்து இருக்கிறது, எல்லாருக்கும் கேட்காது என்கிறார்கள். ஆனாலும் தவறாமல் கிளினிக்குக்குப் போகிறார்.

புக்கிட் ரம்பாயில் நான் வேலை செய்யும் பேக்டரி கேன்டீனிலும் யாருக்காவது ரத்தம் ஏற்றியிருக்கிறார்களா என்று கேட்டேன். ஆட்களைப் பயமுறுத்தாதே என்று சூப்பர்வைசர் கூப்பிட்டு எச்சரித்தார். இப்போது வேலைக்குப் போகும் பஸ்ஸில் கேட்கிறேன். பஸ் அவருடையது இல்லையே!

நாடு முழுக்க எண்ணுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. எண்ணச் சொல்லிக் கேட்க வாய் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை அண்ணியும் நானும் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களைத் தேடிச் சுங்கை ரம்பாய்ப் பக்கத்து எஸ்டேட்டுக்குப் போகிறோம். கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டைத் தட்டுவோம். நிறுத்தமாட்டேன், அண்ணே. இது சத்தியம்.

உன் கூடப் பிறந்த,
அடங்காத தங்கச்சி