விதைக்காத பாத்தி

மான்குர்த்,
12-3-1963

என் மகளுக்கு,

கண்டியிலிருந்து கிளம்பிய ஆறாம் நாள் நானும் அம்மாவும் வீடு வந்து சேர்ந்தோம். கப்பலில் அம்மாவுக்கு வாந்தி. வேறொன்றும் இல்லை. அங்கே குளிர் எப்படி? நீ வைக்கும் குழம்பு மாப்பிள்ளைக்குப் பிடிக்கிறதா?

தோட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. நாற்பது நாளும் பக்கத்துத் தோட்டத்துத் தளவாய் தண்ணீர் விட்டிருக்கிறார். ஆனால் ஒரு கீரையைக்கூடப் பறிக்கவில்லை. எல்லாம் பூத்து, விதை முற்றி, இடுப்பளவு நிற்கிறது. கேட்டால், "தண்ணி விடத்தான சொன்னிய, அண்ணாச்சி? அடுத்தவன் பாத்தியில நான் எப்படிக் கை வைப்பேன்?" என்கிறார். மாட்டுங்கா சந்தைக்கு இந்த மாதம் ஒரு கட்டும் போகாது.

அம்மா என்னோடு பேசுவதில்லை.

இலங்கைக்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்றதும் நீ எப்படிக் குதித்தாய்! பெட்டிக்கு அடியில் உன் கூறைச்சேலையை ஒளித்து வைத்தது அம்மா இல்லை, நான்தான். அவளைக் கோபிக்காதே. மாமா மகன் நல்ல பையன், கடை இருக்கிறது. தாலி ஏறியபோது நீ அழுதிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

போகும்போது கப்பலில், "நாம திரும்பி வரும்போது கிணத்தடியில என் பாத்தி பறிக்கிற பதத்துக்கு வந்துருக்கும்லா, அப்பா?" என்று கேட்டாய். நான் கடலைக் காட்டினேன்.

உன் பாத்திக்கும் தளவாய் நாள் தவறாமல் தண்ணீர் விட்டிருக்கிறார். அதில் நான் விதை போடவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை.

உன் அப்பா