வெளிச்சவீட்டுக்கு அனுமதி தேவையில்லை

அண்ணை, இங்கே ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில் எங்கள் தொங்கு ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு விளக்குக் கடை திறந்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் கொட்டை எழுத்தில் 'லிஷ்ட்ஹவுஸ்'. இன்று காலையில் வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலில் உங்கள் மேல்தான்.

நாங்கள் பாத்திரம் கழுவிய ஐரிஷ்காரரின் சாப்பாட்டுக்கடைச் சுவரில் அயர்லாந்தில் அவருடைய ஊரின் படம் தொங்குமே. சின்னக் கடற்கரைக் கிராமம். கடல்வழி வந்த கொள்ளையர் எரித்த, கூரையில்லாத மாதா கோயில். பஞ்சகாலத்தில் சனங்கள் ஒரு கோப்பைக் கஞ்சிக்காகக் கல் சுமந்து கட்டிய இறங்குதுறை. முனையில் வெள்ளையாக வெளிச்சவீடு. முதலாளி ஜெர்மன் மொழியில் சொன்ன கதைகளை, ஏதோ உங்கள் பூட்டனே கல் சுமந்ததுபோல எனக்குச் சொல்வீர்கள். "எங்கட தலைமன்னார் மாதிரியே கிடக்கு தம்பி. ஒருக்காப் பாத்திட்டால் போதும்." ஊருக்குத் திரும்ப வழியில்லை, இதையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஒரே பிடிவாதம்.

அந்தக் கோடையில் முதலாளி தன் வான் வண்டியில் எங்களை அங்கே கூட்டிப்போவதாகச் சொன்னார். அகதி வழக்கு முடியாத எங்களுக்கு நகரத்தைத் தாண்டவே அனுமதி வேண்டும். அலுவலகத்துக்கு நானும் வருகிறேன் என்றேன். கேட்டீர்களா? தனியே போய், சிரித்துக்கொண்டு திரும்பினீர்கள்.

"அனுமதியே தேவையில்லையாம்!"

"என்னண்டு கேட்டனீங்கள்?"

"லிஷ்ட்ஹவுஸ் பாக்கப் போகலாமோ எண்டு. அயர்லாந்து எண்டால் பயந்திடுவாங்கள், அதைச் சொல்லேல்லை."

"ஐயோ அண்ணை, வெளிச்சவீட்டுக்கு இவங்கள் சொல்லுறது லொய்ஷ்ட்டூர்ம்! லிஷ்ட்ஹவுஸ் எண்டால் இங்க விளக்குக் கடை!"

"லிஷ்ட் எண்டால் வெளிச்சம். ஹவுஸ் எண்டால் வீடு. இதிலை என்ன பிழை? விசரன்!"

தலையில் அடித்துக்கொண்டேன். ஒற்றைக்காலில் நின்று போனீர்கள். பெல்ஜிய எல்லையில் இறக்கித் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு எத்தனை தடவை அனுமதி கேட்டும் 'இல்லை' என்ற ஒரே பதில்தான். அடுத்த மாரியில் மாரடைப்பு வந்து போய்விட்டீர்கள். என் வழக்கு முடிந்து பயணப் பத்திரம் கிடைத்தபோது, கூட்டிக்கொண்டு போக நீங்கள் இல்லை. யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை.

போன கோடையில் நான் போனேன். கோயிலும் இறங்குதுறையும் படத்தில் இருந்தபடியே இருந்தன. வெளிச்சவீட்டுக் கதவு மட்டும் பூட்டு. இப்போது ஆளில்லாமல் தானாகவே எரிகிறதாம். அவ்வளவு தூரம் போயும் உள்ளே ஏற முடியாத எரிச்சலில் திரும்பினால், வழியில் ஓர் ஆங்கிலப் பலகை. எட்டாம் வகுப்போடு விட்ட ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். லைட். ஹவுஸ்.

அங்கேயே நின்று உங்களைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும்போல இருந்தது. தலைமன்னாரில் உங்கள் சொல் சரி. அந்தக் கிராமத்திலும் சரி. இடையில் இந்த ஜெர்மனியில் மட்டும்தான் பிழை. அதைப் போய் இவர்களிடமா கேட்க வேண்டும்?

இன்று மாலை வேலை முடிந்து திரும்பும்போது அந்த விளக்குக் கடைக்குள் நுழைந்தேன். எந்த விளக்கு வேண்டும் என்று கடைக்காரி கேட்டாள். விளக்கு வேண்டாம், உங்கள் பெயர்ப்பலகையில் பிழை இருக்கிறது என்றேன். வெளியே வந்து, அண்ணாந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தாள்.

"எழுத்து சரியாகத்தானே இருக்கிறது?"

"எழுத்து சரி. இது கடலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது" என்றேன்.