பூனைக்கு வைத்த கோழி

அம்மாடி, இந்தச் சீட்டில் உள்ளது அத்தனையும் சத்தியம். வேண்டுமானால் உன் தலையில் அடித்துச் சொல்கிறேன்.

நம் கிழட்டுப் பூனையாருக்காக நீ உப்பில்லாமல் வேகவைத்து, எலும்பு பொறுக்கி, பூசணியோடு பிசைந்து வைத்த கோழியை நானாகத் தொடவில்லை. அவரேதான் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

“பெரியவரே, உங்களுக்கு இன்னிக்கும் காஞ்ச ரொட்டிதானா? இதைச் சாப்பிடுங்க. அவ ஊட்டி ஊட்டி எனக்கு அலுத்துப்போச்சு” என்றார். மரியாதைக்காகச் சாப்பிட்டேன்.

உன் அப்பன் எனக்கும்தான் பல் ஆடுகிறது. என்றைக்காவது எனக்கு எலும்பு பொறுக்கித் தந்திருக்கிறாயா?

பல் டாக்டரிடம் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில்.

மறந்துவிட்டேன்: வந்ததும் படுக்கையறைக் கதவைத் திற. காலையில் நீ தெருமுனை தாண்டியதுமே பூனையை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன்.