சிறார் காவல் பறையை நிறுத்திய ஓலை

மழை பொய்யாத வெண்கோட்டு நாட்டு வேந்தன், எல்லை குன்றாமல் காத்துவரும் ஆதன் அழிசி எழுதுவிக்கும் ஓலை. தென்கரைக் கூற்றத்தின் தலைவர் கீரங்கொற்றனார் காண்க. நும் ஏரிகள் நிரம்புக. நும் மனைகளில் மழலை ஓயாதிருக்க.

ஊர்தோறும் அந்தியில் துணித்திரை கட்டி, விளக்கொளியில் நிழற்பாவை காட்டுமாறு யாமே பணித்ததை நீர் அறிவீர். பின்னர் அத்திரையில் வெட்டும் குத்தும் மிகுந்தன என்று தாய்மார் முறையிட்டமையால், அத்தகைய கதை தொடங்குமுன் பறையறைந்து, சிறார் மனைக்கு ஏகுக என்று கூவுமாறு சட்டமும் செய்தோம். அச்சட்டத்தைப் புகழ்ந்து, நும் கூற்றத்துக்கு மேலும் பறைகள் வேண்டுமென்று எழுதியிருந்தீர். அந்தப் புகழைப் படிக்க எமக்கு வெட்கமாயிற்று.

பறை ஒலிக்காத நாளில் திரைமுன் சிறார் எவரும் இல்லை. ஒலித்தாலோ, உண்ட கை கழுவாமல் ஓடி வருகிறார்கள். எந்தக் கதையைக் காண வேண்டுமென்று அவர்களுக்குச் சொல்லித் தந்தது எம் சட்டமே. வேலியே பயிரை மேய்ந்தது, கீரங்கொற்றனாரே.

அவ்வாறு ஓடியவர்களுள் எம் மகள் எயினியும் ஒருத்தி. திரையில் வீரன் கோட்டை மதிலிலிருந்து பறந்திறங்கக் கண்டு, மறுநாள் நெற்களஞ்சியத்தின் கூரையிலிருந்து குதித்தாள். இரு காலும் ஒடிந்து கிடக்கிறாள். இனி நடப்பது அரிது என்று மருத்துவர் உரைத்தனர். வீரன் விழவில்லையே, நான் மட்டும் ஏன் விழுந்தேன் என்று அவள் வினவினாள்.

சினம் தாங்காது திரையைக் கிழித்தோம். அக்கதை ஆடிய கூத்தரைத் தலைநகரை விட்டே துரத்தினோம். பயன் என்ன? திரை காட்டினாலன்றி ஒரு வாய்ச் சோறும் உண்ணேன் என்று மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அரசி பிசைந்த சோறு வட்டிலிலேயே காய்கிறது. பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல் என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆகவே யாம் பணிப்பது: புதிதாகப் பறை ஏதும் செய்ய வேண்டா, உள்ளவற்றின் தோலையும் உரித்துவிடுக. எம்மால் துரத்தப்பட்ட கூத்தர் நும் கூற்றத்தில் தங்கியிருப்பதாகக் கேள்வி. அவர்களை அந்த வீரன் பாவையோடு பல்லக்கிலேற்றி எம் அரண்மனைக்கு அனுப்புக. சட்டம் என்ன ஆயிற்று என்று எவரேனும் வினவினால், மன்னன் தோற்றான் என்று சொல்க.

இது எம் ஆணை. எம் விரலாழி பதித்தோம். காலம் தாழ்த்தற்க. குழந்தை நேற்றிலிருந்து உண்ணவில்லை.