கொலையாளி யாரென்று உன்னிடம் சொல்ல முடியவில்லை, ரோஸ்லின்

கதைப் பைத்தியமே, என் ரோஸ்லின்,

உன் மேல் எனக்குக் கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனவர்கள் மேல் கோபப்படக் கூடாது என்கிறார் என் வீட்டுக்காரர், உன் அண்ணன். அவருக்கென்ன, அவர் அந்தப் புத்தகத்தைப் படிக்கவில்லையே.

நான் என்ன படிப்பேன் என்று உனக்குத் தெரியும். கல்வெட்டு, கோயில் வரலாறு, பாண்டியர் வெட்டிய குளம். தென்காசியில் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்துகிறவள் வேறு எதைப் படிப்பாள்? நீயோ ஐந்தருவிச் சாலையில் உன் பழக்கடையில், மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் நடுவே உட்கார்ந்து கொலைக்கதைகளாகப் படித்துத் தள்ளுவாய். விலை கேட்டு நிற்பவரிடம்கூட, "இந்தப் பக்கம் முடியட்டும் அண்ணாச்சி" என்பாய்.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மருந்தின் வேகத்தில் உனக்கு எழுத்து மங்கிப் போனது. உன் மகள் ஜெனி உனக்காக வாங்கி வந்த புத்தகத்தை என் கையில் திணித்தாய். மலையூர் விடுதிப் பள்ளி. பாட்டு வாத்தியார் தண்ணீர்த் தொட்டியில் பிணமாக மிதக்கிறார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் கொலையாளியைத் தேடுகிறார்கள். வாய்க்கு வாய் 'ப்ரோ'.

"இதையெல்லாம் நான் வாசிக்கணுமாட்டி?"

"வாசிங்க மைனி. உங்க கல்வெட்டு எங்கயும் ஓடிப் போயிராது."

வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினேன். நீ பாதியில் நிறுத்தினாய். "மைனி, அங்கன ஒரு ஆளு செத்துக் கெடக்கான். நீங்க அட்டெண்டன்ஸ் எடுக்க மாதிரி வாசிக்கிய!"

எப்போது அதில் விழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. கொலையாளி வார்டனம்மாதான் என்று நீ அடித்துச் சொன்னாய். நான் நூலகர் என்றேன். ஊசி போட வந்த நர்ஸ் வாட்ச்மேனைச் சந்தேகப்பட்டாள். துப்புத் துலக்கும் பெண்ணை யாரோ சாமான் அறைக்குள் தள்ளிப் பூட்டிய இடத்தில் உனக்கு அசதி வந்துவிட்டது. "மிச்சத்த நாளைக்குக் கேப்போம். நான் இல்லாம ஒரு பக்கம் பொரட்டக் கூடாது, சொல்லிட்டேன்."

மறுநாள் நீ கண் திறக்கவில்லை. உன்னைக் குற்றாலத்துக்குக் கொண்டுவந்தோம்.

புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு என் வழிக்கே திரும்பினேன். கல்வெட்டு மனசில் ஏறவே இல்லை. அந்தப் பெண் இன்னும் இருட்டறையில் கிடக்கிறாளே! அவள் வெளியே வருகிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் எடுத்தேன். ஒரு சனிக்கிழமை உன் கடையில் இருந்த ஜெனிக்குச் சோறு கொண்டு வரும்போது பஸ்ஸில் திறந்தேன்.

"அக்கா, ஐந்தருவி வந்தாச்சு. நீங்க பழக்கடைப் பக்கம்லா எறங்கணும்?" என்றார் கண்டக்டர்.

சாரலில் புத்தகத்தை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தேன். பொறுக்கவில்லை. வழியில் ஒரு டீக்கடைத் தகரத்தடியில் நின்றே முடித்தேன். முடிச்சு அவிழ்ந்ததும், "அட பாவி!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எத்தனை கெட்டிக்காரத்தனமான புத்தகம் ரோஸ்லின்! எல்லாம் நம் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் நாம் ஏமாந்தோம் என்று உனக்குக் காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. நீ எங்கே?

உன் அண்ணனிடம் சொன்னேன். "யாரு கொன்னா என்னட்டி? கதைதான?" என்றார். ஆசிரியர் அறையில் ஆரம்பித்தேன். "டீச்சர், அது சின்னப் பிள்ளைய படிக்கதுல்லா?" என்று சிரித்தார்கள். மேஜையைத் தட்டி, "நல்லாத்தான் இருக்கு, படிச்சுப் பாருங்க" என்றேன். இன்னும் சிரித்தார்கள். உன்னோடு சண்டை போட்ட சுகத்தில் கால்வாசிகூட எனக்கு இங்கே கிடைக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஜெனிதான். நீ போனதிலிருந்து கேட்டதற்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சனி, ஞாயிறு கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த சனிக்கிழமை என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஏட்டி, அந்தப் பாட்டு வாத்தியாரக் கொன்னது யாரு தெரியுமா?"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அத்தை, சொல்லிராதிய! நான் இன்னும் வாசிக்கவே இல்ல!" கையை எடுத்துவிட்டு, "அம்மா யாருன்னு சொன்னா?" என்று கேட்டாள்.

"வார்டனம்மாவ."

"அம்மாவுக்கு வார்டன்னாலே ஆகாது" என்று சிரித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு! பிறகு, "நீங்களே வாசிங்க அத்தை. அம்மாவுக்கு வாசிச்ச மாதிரி, மொதல்ல இருந்து" என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பழக்கூடைகளுக்கு நடுவே, மழைச் சத்தத்துக்கு மேல் கத்தி வாசிக்கிறேன். தெரிந்ததைத் தெரியாதவள் போல வாசிப்பது எவ்வளவு கொடுமை தெரியுமா? இந்தப் பிள்ளை புத்தகத்தைப் பார்ப்பதே இல்லை, என் மூஞ்சியைத்தான் பார்க்கிறாள். "இந்த ஆளு வரும்போது உங்க கொரல் மாறுது அத்தை" என்று என்னிடமே துப்புத் துலக்குகிறாள்.

போன சனிக்கிழமை அந்தச் சாமான் அறைக்கு வந்தோம். பக்கத்தைப் புரட்டப் போன என் கையை ஜெனி பிடித்தாள்.

"அம்மா இதுவரைக்கும்தான கேட்டா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் கூடைகளை நகர்த்திவிட்டு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "வாசிங்க. அம்மாவுக்கும் சேத்து நான் கேக்கேன்."

வாசித்தேன். இன்னும் முடியவில்லை.

இதில் அந்தப் பேரை எழுதத்தான் உட்கார்ந்தேன் ரோஸ்லின். முடியாது. நம் சர்ச்சின் மாத இதழில் இந்தக் கடிதம் வரும்போது உன் மகள்தான் முதல் ஆளாய்ப் படிப்பாள். நீ சொன்னது சரியா தப்பா என்றுகூட எழுத வழியில்லை. இப்படி ஒரு அவஸ்தையை யாருக்காவது வைத்துவிட்டுப் போவார்களா?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் ஜெனியைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்கு வருவேன். நான் வாயைத் திறக்க மாட்டேன். உன் மகளே உன்னிடம் சொல்வாள்.

சொல்ல முடியாமல் புழுங்குகிற உன் மைனி,
எஸ்தர்